விமானம், விமானி, போர் வானம்: எதைப் படிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் புத்தகம் என்றதும் பலருக்கு வேகம், உயரம், இன்ஜின் சக்தி என்று அட்டவணை போட்ட தடிமனான தொகுப்புகள்தான் நினைவுக்கு வரும். அந்த எண்களை இணையத்தில் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். புத்தகத்தால் மட்டுமே தர முடிந்தது வேறு ஒன்று: காக்பிட்டில் உட்கார்ந்திருந்தவர் அந்த நொடியில் என்ன பார்த்தார், எதை நம்பினார், கையை எங்கே கொண்டுபோனார் என்பது. கீழே உள்ள பரிந்துரைகள் எல்லாம் அதை வைத்துத் தேர்ந்தெடுத்தவை.

ஒரே ஒரு புத்தகம்தான் படிக்கப்போகிறேன். எதை எடுப்பது?

அந்த்வான் து செந்த்-எக்சுபெரியின் 'விண்ட், சாண்ட் அண்ட் ஸ்டார்ஸ்'. பிரெஞ்சு மூலம் 1939-இல் வந்தது. 'குட்டி இளவரசன்' எழுதியவர் என்றுதான் பெரும்பாலோருக்கு இவரைத் தெரியும். அதற்கு முன்பே அவர் ஏரோபோஸ்தால் நிறுவனத்துக்காகத் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சகாராவுக்கு மேலும் தென் அமெரிக்காவிலும் பறந்தவர்.

இந்தப் புத்தகத்தில் அவருடைய நண்பர் ஆன்றி கியோமேயின் கதை வருகிறது. 1930 ஜூனில் ஆண்டிஸ் மலையில் பனிப்புயலில் சிக்கித் தரையிறங்கிய கியோமே, உணவும் மலையேறும் கருவிகளும் இல்லாமல் ஐந்து நாள் நடந்து உயிர் பிழைத்தார். நடுவில் ஒரு கட்டத்தில் பனியில் விழுந்துவிடுகிறார், எழுந்திருக்க மனமில்லை. அப்போது மனைவியின் நினைவு வருகிறது. உடல் கிடைக்காவிட்டால் சட்டப்படி இறந்ததாக அறிவிக்கவே நான்கு வருடம் ஆகும், அதுவரை காப்பீட்டுப் பணம் வராது. சற்று முன்னால் ஒரு பாறை தெரிகிறது. அதில் சாய்ந்து கிடந்தால் கோடையில் பனி உருகும்போது உடலைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எழுந்து நடக்கிறார். எழுந்தவர் அதன்பிறகு நிற்கவில்லை. எக்சுபெரி இதைக் குரல் உயர்த்தாமல் சொல்கிறார்.

1935 டிசம்பர் கடைசியில் எக்சுபெரியும் மெக்கானிக் பிரேவோவும் லிபியப் பாலைவனத்தில் மோதி விழுந்தார்கள். தாகத்தில் பாராசூட் துணியை விரித்துப் பனித்துளியைச் சேகரித்துக் குடிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் இருவரையும் வாந்தியெடுக்க வைக்கிறது. பெதுயின் என்ற பாலைவன நாடோடி ஒருவர் வந்து காப்பாற்றும் பக்கங்களைப் படித்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

எக்சுபெரி 1944 ஜூலை 31-இல் கோர்சிகாவிலிருந்து வேவு பார்க்கக் கிளம்பியவர் திரும்பவில்லை. அவருடைய லைட்னிங் விமானத்தின் சிதைவுகள் மார்சேய் அருகே கடலடியில் 2000-இல் கிடைத்தன. அவருடையதுதான் என்று 2004-இல் உறுதியானது.

எனக்குத் தொழில்நுட்பம் சுத்தமாகத் தெரியாது. புரியுமா?

புரியும். மேலே சொன்னதையும் அடுத்து வரும் நினைவுக் குறிப்புகளையும் படிக்க முன்னறிவு தேவையில்லை. தெரியாத பாகத்தின் பெயர் வந்தால் தாண்டிப் போங்கள். நான்காவது முறை வரும்போது அது என்ன செய்கிறது என்று தானே பிடிபட்டுவிடும்.

பயணிகள் விமானம் ஓட்டுபவர்களைப் பற்றி நல்ல புத்தகம் உண்டா?

எர்னஸ்ட் கே. கான் எழுதிய 'ஃபேட் இஸ் தி ஹன்டர்' (1961). 1930-களின் கடைசியில் டிசி-2, டிசி-3 விமானங்களில் துணை விமானியாகச் சேர்ந்தவர் கான். போர்க் காலத்தில் சரக்கு விமானங்களில் உலகம் சுற்றியிருக்கிறார். இறக்கையில் பனி படிந்து விமானம் கனத்துக்கொண்டே போவதையும், பக்கத்து இருக்கையில் இருக்கும் மூத்த விமானி ஒரு வார்த்தை பேசாமல் பாடம் நடத்துவதையும் இவ்வளவு நெருக்கமாக எழுதியவர்கள் குறைவு. அளவுக்கு மீறிய எடையோடு ஆக்ராவிலிருந்து கிளம்பிய சி-87 விமானம் தாஜ்மகாலில் மோதாமல் மயிரிழையில் தப்பும் இடமும் இதில்தான் வருகிறது. திறமைசாலிகள் பலர் செத்துப்போனார்கள், நான் மட்டும் ஏன் பிழைத்தேன் என்ற கேள்வி புத்தகம் முழுக்க ஓடுகிறது. இறந்த சக விமானிகளின் நீண்ட பெயர்ப் பட்டியலை முன்னால் வைத்துவிட்டுத்தான் கான் கதையைத் தொடங்குகிறார். அதைப் புரட்டித் தள்ளிவிடாதீர்கள்.

இன்றைய வேலை எப்படி இருக்கும் என்று அறிய மார்க் வான்ஹோனக்கர் எழுதிய 'ஸ்கைஃபேரிங்' (2015) போதும். 747 ஓட்டியவர். ஆபத்து எதுவும் நடக்காத புத்தகம் இது. இரவு வானம், காற்று, நகரத்துக்கு நகரம் மாறும் வெளிச்சம் என்று நிதானமாகப் போகும். அவசரக்காரர்களுக்குப் பொறுமை போய்விடலாம்.

விமானம் எப்படிப் பறக்கிறது என்று சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பாடப்புத்தகம்தான் வழியா?

வேண்டியதில்லை. வொல்ஃப்காங் லாங்கவீஷ 1944-இல் எழுதிய 'ஸ்டிக் அண்ட் ரடர்' இன்னும் அச்சில் இருக்கிறது, பறக்கக் கற்பவர்கள் இன்னும் படிக்கிறார்கள். சூத்திரங்களை நம்பி எழுதிய புத்தகம் இல்லை. அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான்: இறக்கை எந்தக் கோணத்தில் காற்றைச் சந்திக்கிறது என்பதைப் பாருங்கள். அந்தக் கோணம் ஓர் அளவைத் தாண்டினால் இறக்கை தூக்குவதை விட்டுவிடும். அதற்கு 'ஸ்டால்' என்று பெயர். எந்த வேகத்திலும் அது நடக்கலாம். விமானம் கீழே போகும்போது கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுக்கத்தான் மனசு சொல்லும். ஸ்டாலிலிருந்து வெளிவர அதை முன்னால் தள்ள வேண்டும்.

படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் நடந்ததைப் பாருங்கள். வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களில் பனிப் படிகங்கள் அடைத்தன, தானியங்கி கழன்றுகொண்டது. ஸ்டால் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருக்க, விமானத்தை ஓட்டியவரின் கை பெரும்பாலும் கோலைப் பின்னால் இழுத்தபடியே இருந்தது. 228 பேர் இறந்தார்கள். லாங்கவீஷ ஏன் அந்த ஒரே விஷயத்தை அத்தனை பக்கம் எழுதினார் என்பது அந்த விபத்தின் அறிக்கையைப் படித்தால் விளங்கும்.

செலவில்லாமல் தொடங்க விரும்பினால், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வெளியிடும் 'பைலட்ஸ் ஹேண்ட்புக் ஆஃப் ஏரோநாட்டிகல் நாலெட்ஜ்' அவர்கள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படங்கள் தெளிவு, மொழி எளிமை.

ஆரம்ப காலத்து வரலாறு?

இரண்டு போதும். டேவிட் மெக்கல்லோவின் 'தி ரைட் பிரதர்ஸ்' (2015): 1903 டிசம்பர் 17-இல் 12 நொடி பறந்ததற்குப் பின்னால் இருந்த வருடக்கணக்கான உழைப்பைக் கடிதங்கள் வழியே காட்டுகிறது. அடுத்து, சார்லஸ் லிண்ட்பெர்க் எழுதிய 'தி ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' (1953). 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை தனியாக 33½ மணி நேரம் பறந்ததை மணி மணியாகச் சொல்கிறார். முன்பக்கம் முழுக்க எரிபொருள் தொட்டி அடைத்துக்கொண்டதால் நேர் எதிரே பார்க்கக் கண்ணாடியே கிடையாது. கடல், புயல் எல்லாவற்றையும்விடத் தூக்கம்தான் பெரிய எதிரி. அசதியில் பின்னால் உருவங்கள் வந்து பேசுவது போலத் தோன்றியதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். லிண்ட்பெர்க்கின் அரசியல் நிலைப்பாடுகள் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானவை. அது தெரிந்தே படியுங்கள்.

இரண்டாம் உலகப் போர் விமானிகள் எழுதியதில் எது சிறந்தது?

ரிச்சர்ட் ஹிலரியின் 'தி லாஸ்ட் எனிமி' (1942), ஜெஃப்ரி வெல்லமின் 'ஃபர்ஸ்ட் லைட்' (2002). இருவரும் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டியவர்கள், இருவரும் 1940-இன் பிரிட்டன் வான்போரில் இருந்தவர்கள். ஒருவர் போர் நடக்கும்போதே எழுதினார், மற்றவருடைய புத்தகம் எண்பது வயதில் வந்தது. அடுத்தடுத்துப் படித்தால் இரண்டும் இன்னும் ஆழமாக இறங்கும்.

ஹிலரியின் முதல் பக்கங்களில் ஒரு சின்ன விஷயம் வருகிறது. காக்பிட்டை மூடும் புதிய கண்ணாடி மூடி அதன் பள்ளத்தில் சரியாக ஓடவில்லை. ஆட்கள் அராவி, எண்ணெய் போட்டுச் சரிசெய்து கொண்டிருக்கும்போதே கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துவிடுகிறது. அன்றே, 1940 செப்டம்பர் 3-இல், அவர் விமானம் தீப்பிடிக்கிறது. மூடி திறக்க மறுக்கிறது. முகமும் கைகளும் வெந்துபோன அவருக்கு ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் புதிய இமைகள் வைத்தார். மறுபடி பறக்க அனுமதி வாங்கிய ஹிலரி, 1943 ஜனவரியில் இரவுப் பயிற்சியில் இறந்தார். அப்போது வயது 23.

வெல்லம் பதினெட்டு வயதில் 92-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்த பையன். வீரம் பேசுவதே இல்லை. நாளாக ஆக உடம்பும் மனசும் எப்படித் தேய்ந்தன என்பதுதான் புத்தகத்தின் பாதி.

குண்டுவீச்சு விமானங்களின் பக்கமும் பாருங்கள். பிரிட்டனின் பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தார்கள். அதை உணர லென் டெய்ட்டனின் 'பாம்பர்' (1970) நாவலைப் பரிந்துரைக்கிறேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தாக்குதல். மேலே பறப்பவர்கள், கீழே குண்டு விழும் ஜெர்மானிய ஊரில் இருப்பவர்கள், இருட்டில் வேட்டையாடும் எதிர்த்தரப்பு விமானிகள் என்று எல்லோரையும் ஒரே அக்கறையோடு எழுதியிருக்கிறார்.

போர் விமானிகள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பலாமா?

உணர்வை நம்புங்கள், எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பின் ஜெர்மன் பதிவேடுகளோடு ஒப்பிட்டால் சுமார் 60. யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டிருப்பார்கள், மூவரும் அது புகையோடு மேகத்துக்குள் போவதைப் பார்த்திருப்பார்கள். மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் நின்று எண்ண முடியாது. எல்லா நாட்டு விமானப்படைகளிலும் இது நடந்தது.

இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. ஜப்பானியப் போர் விமானி சபுரோ சகாயின் 'சாமுராய்!' (1957) படிக்க விறுவிறுப்பானது. 1942 ஆகஸ்ட் 7-இல் தலையில் குண்டடி பட்டு, ஒரு கண் தெரியாமல், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஜீரோ விமானத்தை ஓட்டி ரபவுல் திரும்பியது உண்மையாக நடந்தது. ஆனால் அந்த ஆங்கிலப் புத்தகத்தை எழுத்தில் வடித்தவர்கள் வேறு ஆட்கள். அதன் பல இடங்களை வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. 'ரெட் பாரன்' (சிவப்புப் பிரபு) என்று அழைக்கப்பட்ட ஜெர்மன் விமானி ரிக்ட்ஹோஃபனின் சுயசரிதை 1917-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ராணுவத் தணிக்கைக்கு உட்பட்டு வந்தது. அதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இதற்கு மிகச் சிறந்த பாடம் பசிபிக்கில் ஜப்பானும் அமெரிக்காவும் மோதிய மிட்வே போர். 1942 ஜூன் 4 காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் தளங்களில் விமானங்கள் கிளம்பத் தயாராக நின்றன, அமெரிக்க விமானங்கள் குண்டு வீசுமுன் இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் வரலாறே மாறியிருக்கும் என்று அங்கிருந்த மிட்சுவோ ஃபுச்சிடா எழுதினார். உலகமே அதைப் பல பத்தாண்டுகள் நம்பியது. ஜொனாதன் பார்ஷல், ஆன்டனி டல்லி இருவரும் 2005-இல் 'ஷாட்டர்ட் ஸ்வோர்ட்' எழுதியபோது ஜப்பானியக் கப்பல்களின் விமான இயக்கப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அன்று காலை முழுக்க அந்தத் தளங்கள் காவல் பறக்கும் ஜீரோக்களை இறக்குவதிலும் ஏற்றுவதிலும் ஓயாமல் இருந்திருக்கின்றன. தாக்குதல் விமானங்கள் இன்னும் கீழே கொட்டகைத் தளத்தில்தான் இருந்தன. ஐந்து நிமிடக் கதை அங்கே உடைகிறது. ஒரு கப்பலின் லிஃப்ட் எப்படி ஓடும், டார்பிடோவை எத்தனை நேரத்தில் மாட்டலாம் என்பதையெல்லாம் வைத்து ஒரு பெரிய போரின் கதையையே மாற்றி எழுதிய புத்தகம். தடிமனைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

போர் விமானங்கள் எப்படி உருவாக்கப்படுகின்றன என்பதைப் பற்றி?

பென் ரிச், லியோ ஜேனோஸ் எழுதிய 'ஸ்கங்க் வொர்க்ஸ்' (1994). யு-2, எஸ்ஆர்-71 வேவு விமானங்களும் ரேடாருக்கு எளிதில் சிக்காத எஃப்-117 விமானமும் பிறந்த லாக்ஹீட் நிறுவனத்தின் ரகசியப் பட்டறைக்குத் தலைமை தாங்கியவர் ரிச்.

ரேடாருக்குத் தெரியாத விமானம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? பியோத்தர் உஃபிம்ட்செவ் என்ற சோவியத் விஞ்ஞானி 1962-இல் மாஸ்கோவில் வெளியிட்ட கணித ஆய்வு. அதன் மொழிபெயர்ப்பு டெனிஸ் ஓவர்ஹோல்சர் என்ற லாக்ஹீட் கணிதவியலாளர் கையில் கிடைக்கிறது. தட்டையான பட்டைகளின் விளிம்பில் ரேடார் அலை எப்படிச் சிதறும் என்று கணக்கிட வழி பிறக்கிறது. அன்றைய கணினியால் வளைந்த பரப்பைக் கணக்கிட முடியாது, அதனால்தான் எஃப்-117 வைரக்கல் போல முகம் முகமாக வெட்டிய வடிவத்தில் இருக்கிறது. ராணுவத் தளபதிகளின் மேசையில் சின்ன இரும்பு பால் பேரிங்குகளை உருட்டிவிட்டு, ரேடாரில் உங்கள் விமானம் இந்த அளவுக்குத்தான் தெரியும் என்றாராம் ரிச்.

எஸ்ஆர்-71 குடும்பத்தின் டைட்டானியப் பாகங்களில் நடந்ததும் சுவையானது. கோடையில் பற்றவைத்த தகடுகள் சீக்கிரமே கெட்டுப்போயின, குளிர்காலத்தில் செய்தவை நன்றாக இருந்தன. ஒவ்வொரு பாகத்துக்கும் பதிவு வைத்திருந்ததால் காரணம் சிக்கியது: பாசி பிடிக்காமல் இருக்க கோடையில் நகரக் குடிநீரில் அதிகக் குளோரின் கலந்திருக்கிறார்கள், தகடுகளை அந்தத் தண்ணீரில்தான் கழுவியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இது அந்த நிறுவனத்தில் வாழ்ந்தவர் பெருமையோடு எழுதியது. எதிர்த்தரப்பு நியாயம் இதில் கிடைக்காது.

ஜெட் காலத்துப் போர்கள்?

வியட்நாமுக்கு ராபர்ட் மேசனின் 'சிக்கன்ஹாக்' (1983). ஹ்யூயி ஹெலிகாப்டர் விமானி. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஆட்களை இறக்குவதும் காயம்பட்டவர்களைத் தூக்குவதும்தான் வேலை. ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளும் தொடக்க அத்தியாயங்களே தனிப் புத்தகமாக வரத் தகுதியானவை. டாம் வுல்ஃபின் 'தி ரைட் ஸ்டஃப்' (1979) சோதனை விமானிகளைப் பற்றியது. 1947 அக்டோபர் 14-இல் விலா எலும்பு உடைந்த நிலையில் சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டியது அதில் வருகிறது. ராபர்ட் கோரம் எழுதிய 'பாய்ட்' (2002), நவீன வான்போர்ச் சிந்தனையையே மாற்றிய ஒரு முரட்டு விமானியின் வாழ்க்கை.

இந்திய விமானப்படையைப் பற்றி நம்பகமான புத்தகம்?

பி.வி.எஸ். ஜகன் மோகன், சமீர் சோப்ரா இணைந்து எழுதிய 'தி இந்தியா-பாகிஸ்தான் ஏர் வார் ஆஃப் 1965'. 1965 செப்டம்பர் 1-இல் சம்ப் பகுதிக்கு அனுப்பப்பட்ட பழைய வாம்பயர் விமானங்களில் நான்கை இழந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். இரு தரப்பு வாதங்களையும் எடுத்துவைத்து எது நிற்கிறது என்று பார்க்கிறார்கள். அதே இருவரின் 'ஈகிள்ஸ் ஓவர் பங்களாதேஷ்' (2013) 1971-இன் கிழக்கு முனையைச் சொல்கிறது. டாக்காவின் தேஜ்காவ் ஓடுபாதையை மிக்-21 விமானங்கள் குண்டு போட்டுக் குழியாக்கி, எதிரி விமானங்கள் எழும்பவே முடியாமல் செய்த விதம் விரிவாக இருக்கிறது. வெற்றிப் பெருமிதத்தை மட்டும் பேசும் புத்தகங்களுக்கு நடுவே இந்த இரண்டும் தனித்து நிற்கின்றன.

பெண் விமானிகள்?

பெரில் மார்க்கமின் 'வெஸ்ட் வித் தி நைட்' (1942). கென்யாவில் வளர்ந்து விமானம் ஓட்டியவர். 1936 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து மேற்கு நோக்கி அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்து, நோவா ஸ்கோஷியாவில் சதுப்பு நிலத்தில் மூக்குக் குத்தி இறங்கினார். மறந்துபோன இந்தப் புத்தகம் 1983-இல் மறுபதிப்பு வந்தபின்தான் புகழடைந்தது. இரண்டாம் உலகப் போரில் பறந்த சோவியத் பெண் விமானிகளின் குரலைக் கேட்க ஸ்வெட்லானா அலெக்சியேவிச்சின் 'தி அன்வுமன்லி ஃபேஸ் ஆஃப் வார்' படியுங்கள். விமானிகளுக்கு மட்டுமான புத்தகம் இல்லை. ஆனாலும் மரமும் துணியுமாகச் செய்த போ-2 விமானங்களில் இரவில் குண்டு வீசப் போனவர்களின் பேச்சு அதில் இருக்கிறது.

விபத்துகளைப் பற்றிப் படித்தால் விமானத்தில் ஏறவே பயம் வந்துவிடாதா?

என் அனுபவத்தில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எவ்வளவு பொறுமையாகக் காரணம் தேடுகிறார்கள் என்று பார்க்கும்போது நம்பிக்கைதான் கூடுகிறது.

ரிச்சர்ட் டி கிரெஸ்பினியின் 'க்யூஎஃப்32' (2012) இதற்கு ஏற்றது. 2010 நவம்பர் 4, சிங்கப்பூரிலிருந்து 469 பேரோடு கிளம்பிய ஏ380 பயணிகள் விமானத்தின் இரண்டாவது இன்ஜின் வெடித்து, துண்டுகள் இறக்கையைக் கிழித்தன. திரையில் கோளாறுச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. காக்பிட்டில் ஐந்து விமானிகள். எது கெட்டது என்று துரத்துவதை ஒரு கட்டத்தில் கேப்டன் நிறுத்துகிறார், எது இன்னும் வேலை செய்கிறது என்று எண்ணத் தொடங்குகிறார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழித்துச் சாங்கியில் இறங்கினார்கள். இறங்கிய பிறகும் ஓர் இன்ஜினை அணைக்க முடியவில்லை, எரிபொருள் கசிகிறது, பிரேக்குகள் கொதிக்கின்றன. பயணிகளை உடனே இறக்குவதா, உள்ளேயே வைத்திருப்பதா என்று யோசிக்கும் பகுதி பறக்கும் பகுதியைவிடப் பதற்றமானது. ஒருவருக்கும் காயமில்லை.

கோபம் வர வேண்டும் என்றால் பீட்டர் ராபிசனின் 'ஃப்ளையிங் பிளைண்ட்' (2021). 2018, 2019 ஆண்டுகளில் இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்ததன் வேர் எங்கே இருக்கிறது என்று போயிங் நிறுவனத்தின் நிர்வாக அறைகள்வரை போய்த் தேடுகிறது.

பதின்ம வயதுப் பிள்ளைக்குப் பரிசளிக்க?

ரோல்ட் டாலின் 'கோயிங் சோலோ' (1986). சிறுவர் கதைகளால் தெரிந்த அதே டால்தான். லிபியப் பாலைவனத்தில் கிளாடியேட்டர் விமானத்தை மோதி மண்டை உடைத்துக்கொண்டதும், 1941-இல் கிரேக்க வானில் ஒரு கைப்பிடி ஹரிக்கேன் போர் விமானங்களோடு போராடியதும் எளிய ஆங்கிலத்தில் இருக்கிறது. விறுவிறுப்புக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு, பரவாயில்லை.

எந்த வரிசையில் படிப்பது?

எக்சுபெரி, அப்புறம் கான். பறத்தல் பிடித்துவிட்டால் லாங்கவீஷ பக்கம் போங்கள். போர் பற்றி அறிய ஆவல் என்றால் வெல்லம், ஹிலரி, டெய்ட்டன். 'ஷாட்டர்ட் ஸ்வோர்ட்' போன்ற கனமான ஆய்வு நூல்களை நான்கைந்து நினைவுக் குறிப்புகளுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் எந்த விமானத்தில், எந்த இருக்கையில், எந்தத் தரப்பில் இருந்தார் என்று முதல் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்தால், பின்னால் இரண்டு புத்தகங்கள் ஒரே சண்டையைப் பற்றி முரண்படும்போது புரட்டிப் பார்க்க வசதியாக இருக்கும்.